மரபு விழாவா, நூலகமா: பணம் எதற்குப் போக வேண்டும்?

பனையோலை:
மரபு விழா நடத்துகிறவர்கள், மரபைக் கொண்டாடுவதையும் நாடு முழுக்க வாசிப்பை வளர்ப்பதையும் ஒரே மேடையில் வைத்து, ஒரே செலவில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆட்டமும் பாட்டும் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள், எந்தப் பிள்ளையின் கையிலாவது புதிதாக ஒரு புத்தகம் இருக்கிறதா? விழாப் பணத்தில் பாதியை நூலகங்களுக்குக் கொடுங்கள். இரவு எட்டு மணி வரை திறந்திருந்தால் வேலை முடிந்து வருகிறவர்களும் படிப்பார்கள்.

கதைசொல்லி:
மரபு என்றாலே ஆட்டமும் உடையும்தான் என்று நினைப்பதில்தான் சிக்கல். யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு மரபுப் பாதுகாப்பு உடன்படிக்கை, வாய்மொழி வழக்காறுகளைத்தான் பட்டியலில் முதலில் வைக்கிறது. மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைக்கு, அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு எழுத்து தெரிவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

பின்லாந்தைப் பாருங்கள். படித்தவர்கள் சுவீடிஷில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எலியாஸ் லோன்ரோத் என்ற மருத்துவர் ஊர் ஊராக நடந்து நாட்டுப்பாடல்களைக் கேட்டு எழுதி, 1835இல் கலேவலா என்ற காவியமாக வெளியிட்டார். இன்றும் பிப்ரவரி 28ஐ அந்த நூலின் நாளாக அங்கே கொடியேற்றிக் கொண்டாடுகிறார்கள். பாடியவர்கள் இல்லாமல் அந்தப் புத்தகம் எங்கிருந்து வந்திருக்கும்?

பனையோலை:
நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. அச்சில் ஏறியதால்தானே அது நமக்குத் தெரிகிறது? நம்முடைய ஏடுகளையும் நினைத்துப் பாருங்கள். ஓலை சில நூறு ஆண்டுகள்தான் தாங்கும். யாராவது படித்துப் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். படிப்பார் இல்லாத ஏடு செல்லரித்துப் போனது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அந்த நூலை விழா எடுத்தவர்கள் காப்பாற்றவில்லை, உட்கார்ந்து படித்தவர் காப்பாற்றினார்.

கதைசொல்லி:
சரி, அதை ஏற்கிறேன். ஆனால் அச்சு ஒரு வடிவத்தை மட்டும் நிறுத்திவைக்கிறது. லோன்ரோத் பல பாடகர்களின் வரிகளை ஒன்றாகத் தைத்தார், இடையிடையே தன் வரிகளையும் சேர்த்தார். 1834இல் அவருக்கு நிறையப் பாடிக்கொடுத்தவர் அர்ஹிப்பா பெர்த்துனென். லோன்ரோத்தை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

கண்ணாடிப்பீரோ:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். பத்து வருடம் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தேன். நல்ல புத்தகமெல்லாம் பீரோவுக்குள் பூட்டியிருக்கும். தொலைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் நானும் சாவியைக் கொடுக்கத் தயங்கினேன். அதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. புத்தகத்தைப் பொக்கிஷம் என்று போற்றிப் போற்றியே பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைத்துவிட்டோம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்குத்தான் என்பது.

ஆணை வந்து பீரோவின் பூட்டைத் திறந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? அட்டை கிழிந்தது, சில புத்தகம் திரும்பவே இல்லை. ஆனால் வாசலில் வரிசை நின்றது. அவர்கள் அதிகம் கேட்டது, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதிய கதைகள். அப்படி அலமாரியில் இருந்தவை நான்கைந்துதான்.

பனையோலை:
இதைப் படித்ததும் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பாதிப் பணம் வேண்டாம். விழா மேடையில் சொல்லும் ஒவ்வொரு கதையையும் பதிவு செய்து, அந்தப் பேச்சு வழக்கிலேயே எழுதி, அடுத்த விழாவுக்குள் சிறு நூலாக்கி எல்லா நூலகங்களுக்கும் அனுப்பட்டும். அட்டையில் சொன்னவர் பெயர் இருக்க வேண்டும்.

கதைசொல்லி:
பெயர் போடுவதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரே கதையை இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் அச்சிட வேண்டும், ஒன்றைச் சரி என்று தேர்ந்தெடுக்கக் கூடாது.

கண்ணாடிப்பீரோ:
எழுதி எடுப்பவர் கூலியையும் அச்சுக்கூலியையும் விழாக் கணக்கில் எழுதுங்கள். நூலகக் கணக்கில் கை வைத்தால் முதலில் குறைவது புதுப் புத்தகம்தான்.