துண்டிக்கப்பட்ட கிளையன்ட் இணைப்பை சர்வர் அறிவது எப்படி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

#1

நண்பர்களுக்கு வணக்கம். இணைப்பில் இருந்த கிளையன்ட் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோவதும், சர்வர் அது தெரியாமல் காத்துக்கொண்டே இருப்பதும் சாக்கெட் (பிணைய இணைப்பில் நிரல் பயன்படுத்தும் முனை) நிரல் எழுதுபவர்கள் எல்லோருக்கும் பழகிய சிக்கல்தான். ஆயினும் அது ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு வடிவில் தலைகாட்டுகிறது என்பதால், நான் கண்டதை முதலில் எழுதுகிறேன்.

நான் பராமரிக்கும் சர்வருடன், வாகனங்களில் பொருத்தப்பட்ட ஜிபிஎஸ் கருவிகள் சிம் கார்டு வழியாக டிசிபி (அனுப்பியது சேர்ந்ததா என்று சரிபார்த்துக்கொள்ளும் பிணைய நெறிமுறை) இணைப்பில் இருக்கும். ஒவ்வொரு கருவியும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பும். புதிதாக எந்தக் கருவியும் இணைய முடியவில்லை என்று ஒருநாள் புகார் வந்தது. சிபியுவில் சுமை இல்லை, நினைவகமும் தாராளமாக இருந்தது. லாகில் மட்டும் ‘திறந்த கோப்புகள் மிக அதிகம்’ என்ற பிழை வரிசையாகப் பதிவாகியிருந்தது. லினக்ஸில் ஒரு புராசஸ் (ஓடும் நிரல்) திறக்கக்கூடிய கோப்புகளுக்கு வழக்கமாக இருக்கும் வரம்பு 1024. ஒவ்வொரு சாக்கெட்டும் அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை கொடுத்துப் பார்த்தபோது, ஒரே கருவிக்குரிய பல இணைப்புகள், எல்லாமே உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு நின்றன.

காரணம் எளிது. வண்டி சிக்னல் இல்லாத இடத்துக்குள் போகிறது அல்லது யாரோ பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறார்கள். விடைபெறும் ஃபின் பாக்கெட்டும் வருவதில்லை, முறித்துக்கொள்ளும் ரீசெட் பாக்கெட்டும் வருவதில்லை. கருவி மீண்டும் உயிர்பெறும்போது புதிய முகவரியுடன் புதிய இணைப்பைத் தொடங்குகிறது. பழையது சர்வரில் அப்படியே கிடக்கிறது. 1981இல் வெளியான ஆர்எஃப்சி 793 (இணைய நெறிமுறை ஆவணங்களில் டிசிபியை வரையறுத்தது) வகுத்தபடி, இரு முனைகளுக்கிடையே எந்தப் பாக்கெட்டும் போகாமலேயே ஓர் இணைப்பு எவ்வளவு காலமும் நீடிக்கலாம். ஆகவே, படிப்பதை மட்டுமே செய்யும் சர்வருக்கு எதிர்முனை இறந்த செய்தி ஒருபோதும் வந்து சேராது.

இப்போது படிப்பதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறோம்: மூன்று முறை வரவேண்டிய தகவல் தொடர்ந்து வராவிட்டால் இணைப்பை மூடிவிடுகிறோம். அதே கருவி எண் மறுபடி உள்நுழைந்தால் பழைய இணைப்பு உடனே மூடப்படும். இதில் ஒரு நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். பழைய இணைப்பு மூடப்படும்போது ஓடும் துப்புரவுக் குறியீடு ‘இந்தக் கருவி தொடர்பில் இல்லை’ என்று பதிவுசெய்துவிட்டால், அந்த நொடியில் புதிய இணைப்பில் நலமாக இருக்கும் கருவியும் திரையில் மறைந்துவிடும். எனவே ஒவ்வோர் இணைப்புக்கும் தனி அடையாள எண் கொடுத்து, மூடப்படுவதுதான் நடப்பிலுள்ள இணைப்பா என்று ஒப்பிட்ட பிறகே நிலையை மாற்ற வேண்டும்.

#2

வணக்கம். உங்கள் கருவிகள் தாமாகவே பேசுகின்றன. கெடு வைப்பது எளிது. என் சர்வர் நேர்மாறானது. கிளையன்ட் ஒருமுறை இணைந்துவிட்டால் அதன்பின் அது வாயே திறக்காது. விலைப்பட்டியல் மாறும்போதெல்லாம் சர்வர்தான் அனுப்பும்.

நாங்கள் முதலில் நம்பியது, சும்மா இருக்கும் இணைப்பில் சோதனைப் பாக்கெட் அனுப்பி எதிர்முனை இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபியின் கீப்அலைவ் வசதியை. லினக்ஸில் அதன் இயல்பு மதிப்புகளைக் கவனியுங்கள்: இணைப்பு 7200 விநாடி சும்மா இருந்த பிறகே முதல் சோதனைப் பாக்கெட் போகும், பதில் இல்லாவிட்டால் 75 விநாடி இடைவெளியில் 9 முறை முயலும். கூட்டிப் பார்த்தால் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. இது லினக்ஸ்காரர்களின் விருப்பம் அன்று. கீப்அலைவ் இயல்பாக அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், அதன் இயல்பு இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் 1989ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1122 விதிக்கிறது. நல்லவேளையாக இம்மதிப்புகளை ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனியே மாற்றலாம். அதே வரிசையில் 60, 10, 3 என்று வைத்தோம். 90 விநாடியில் தெரிந்துவிட வேண்டும்.

தெரியவில்லை. சில இணைப்புகள் கால் மணி நேரத்துக்கும் மேலாக நீடித்தன. எஸ்எஸ் கட்டளையில் டைமர்களையும் காட்டச் சொன்ன பிறகுதான் விடை கிடைத்தது. அமைதியாக இருந்த இணைப்புகளின் அருகே ‘கீப்அலைவ், 55 விநாடி’ என்று இருந்தது. சிக்கிய இணைப்புகளின் அருகே ‘ஆன்’ என்ற வேறொரு டைமரும், ஏறிக்கொண்டே போகும் மறுமுயற்சி எண்ணும், அனுப்பும் வரிசையில் தேங்கிய பைட்டுகளும் தெரிந்தன. அதாவது, ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) கிடைக்காத தரவு ஒரு பைட் மிச்சமிருந்தாலும் கீப்அலைவ் ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் எல்லாம் மறுஅனுப்பலின் கையில். லினக்ஸ் இயல்பாக 15 மறுமுயற்சிகள் வரை போகும், முயற்சிக்கு முயற்சி இடைவெளியும் கூடும். கைவிடுவதற்குக் குறைந்தது 924 விநாடிகள் ஆகும் என்று கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) ஆவணம் சொல்கிறது. இத்தனைக்கும் இடையில் சென்ட் அழைப்பு ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே திரும்பிக்கொண்டிருக்கும், ஏனெனில் அந்த வெற்றிக்குப் பொருள் ‘கெர்னலின் பஃபரில் வைத்துவிட்டேன்’ என்பது மட்டுமே.

இதற்கு மருந்து டிசிபி யூசர் டைம்அவுட் என்ற சாக்கெட் அமைப்பு. லினக்ஸ் 2.6.37 முதல் இருக்கிறது. மதிப்பை மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும். கீப்அலைவையும் இதையும் சேர்த்து வைத்த பிறகே 90 விநாடிக் கணக்கு எங்களுக்கு மெய்யானது.

#3

சுருக்கமாக ஒன்று. ஜாவாவில் சாக்கெட்டின் ‘இஸ்கனெக்டட்’ முறையை நம்பி எழுதப்பட்ட குறியீட்டை இன்னும் பார்க்கிறேன். ஒருமுறை இணைந்த சாக்கெட், நாமே அதை மூடிய பிறகும், அந்த முறைக்கு ‘ஆம்’ என்றே விடை தரும். டாட்நெட்டின் ‘கனெக்டட்’ பண்பும் கடைசியாக நடந்த செயலின்போது இருந்த நிலையைத்தான் சொல்லும். முன்கூட்டிக் கேட்டுவிட்டு அனுப்புவதில் பயனில்லை. கேட்டதற்கும் அனுப்புவதற்கும் இடையே கம்பி அறுந்திருக்கலாம். நேரடியாக அனுப்பிவிட்டு, பிழை வந்தால் கையாளுவதே முறை.

இன்னொன்று: ரீட் அழைப்பு சுழியம் தந்தால் கிளையன்ட் போய்விட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். எதிர்முனை இனி அனுப்பப்போவதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கோரிக்கையை அனுப்பியதும் எழுதும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் கிளையன்ட்களும் உண்டு. அவற்றைப் பதில் கொடுக்காமல் வெட்டிவிடுவது சர்வரின் தவறு.

#4

இரண்டாவதாக எழுதிய நண்பரின் விளக்கம் அருமை. ஆனால் நடுவில் பிராக்ஸி (இணைப்பை வாங்கிச் சர்வருக்குக் கடத்தும் இடைநிலை நிரல்) இருக்கும் அமைப்பில் அது பாதி வழியோடு நின்றுவிடுகிறது. எங்களுடையது உலாவியில் ஓடும் அரட்டைச் செயலி. வெப்சாக்கெட் (உலாவியும் சர்வரும் தொடர்ந்து இருவழியாகப் பேச உதவும் நெறிமுறை) இணைப்புகள் என்ஜின்எக்ஸ் என்ற பிராக்ஸி வழியாக வருகின்றன. சர்வரின் கீப்அலைவுக்குப் பதில் தருவது என்ஜின்எக்ஸ் ஓடும் கணினியே. அதற்கு அப்பால் பயனர் இருக்கிறாரா என்பது அந்தப் பதிலில் தெரியாது. பிராக்ஸி இல்லாவிட்டாலும் பதில் தருவது கிளையன்டின் கெர்னல்தான், கிளையன்ட் நிரல் அன்று. நிரலை ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறையவைத்துப் பாருங்கள்: கீப்அலைவ் சோதனைகளுக்கு ஒப்புகை தவறாமல் வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ‘உயிரோடிருக்கிறேன்’ என்று அவ்வப்போது சொல்லும் இதயத்துடிப்பு செயலியின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். வெப்சாக்கெட்டை வரையறுத்த 2011ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6455 பிங், பாங் என்ற ஃபிரேம்களை இதற்கென்றே தந்திருக்கிறது. சர்வர் பிங் அனுப்பினால் உலாவி தானாகவே பாங் திருப்பும். பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் பிங் அனுப்ப வழியில்லை என்பதால், சர்வர் போய்விட்டதைக் கிளையன்ட் அறிய வேண்டுமானால் சாதாரணச் செய்தியாகவே ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும். என்ஜின்எக்ஸின் இயல்பு அமைப்பில் 60 விநாடி தரவு எதுவும் வராவிட்டால் அதுவே இணைப்பை மூடிவிடும். எனவே துடிப்பின் இடைவெளி அதற்குள் இருக்கட்டும். சிறு கருவிகள் செய்தி பரிமாறப் பயன்படும் எம்கியூடிடி நெறிமுறை இவ்விஷயத்தில் மிகத் தெளிவானது: கிளையன்ட் தானே அறிவித்த இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு நேரம் எதுவும் வராவிட்டால் சர்வர் இணைப்பை மூட வேண்டும்.

#5

மீண்டும் நான் (முதல் பதிவு என்னுடையது). எல்லோருக்கும் நன்றி, எம்கியூடிடியின் ஒன்றரை மடங்குக் கணக்கை எங்கள் கெடுவுக்கும் பரிசீலிக்கிறேன்.

சோதிக்கும் முறை பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிளையன்ட் புராசஸைக் கில் கட்டளையால் கொன்றுவிட்டு, ‘சர்வர் உடனே கண்டுபிடித்துவிட்டது’ என்று நிறைவடைபவர்கள் பலர். புராசஸ் எப்படி இறந்தாலும் கெர்னல் அதன் சாக்கெட்டை மூடி, எதிர்முனைக்கு முறைப்படி தெரிவித்துவிடும். நாம் அஞ்சும் நிலை அங்கே உருவாவதே இல்லை. லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டுக்குரிய பாக்கெட்டுகளை இரு திசையிலும் ‘டிராப்’ செய்து பாருங்கள். ‘ரிஜெக்ட்’ வேண்டாம், அது மறுப்புச் செய்தி அனுப்பிவிடும்.

கெடு முடிந்து சர்வர் இணைப்பை மூடியபின் அந்த விதியை நீக்கினால் வேறொன்றும் தெரியவரும். கருவி இன்னும் பழைய இணைப்பு இருப்பதாக எண்ணி அனுப்பும். சர்வர் அந்த இணைப்பையே மறந்துவிட்டதால் ரீசெட் திருப்பும். அதற்கு முன் கருவி ‘அனுப்பிவிட்டேன்’ என்று கணக்கெழுதிய இருப்பிடப் பதிவுகள் அத்தோடு போய்விடும். எனவே எங்கள் கருவிகளில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் இட்டு, சர்வர் தரவுத்தளத்தில் எழுதி முடித்து அந்த எண்ணைத் திருப்பி அனுப்பும் வரை பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறோம். மறுபடி இணைந்ததும் ஒப்புகை வராத எண்ணிலிருந்து கருவி அனுப்பத் தொடங்கும். ஏற்கெனவே வந்துவிட்ட எண் மறுமுறை வந்தால் சர்வர் ஒப்புகையை மட்டும் கொடுத்துவிட்டுப் பதிவை ஒதுக்கிவிடும்.