350 ஸ்வோட்டியில் கிராக்கோவ்: நவம்பரில் மூன்று நாள்

வேலைக்காகப் போலந்து வந்து பத்து மாதம் ஆகியும் கிராக்கோவைப் பார்க்காமலே இருந்தேன். நான் இருக்கும் விரோட்ஸ்வாவில் இருந்து பஸ்ஸில் மூன்றரை மணி நேரம்தான். 2024-இல் நவம்பர் 1 வெள்ளிக்கிழமையாக வந்தது, அரசு விடுமுறை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். போக வர பஸ்ஸுக்கு 90 ஸ்வோட்டி. எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறையில் ஒரு கட்டில், இரண்டு இரவுக்கு 130. அப்போது ஒரு ஸ்வோட்டி நம் பணத்தில் 21 ரூபாய்.

கையில் சாப்பாடு எதுவும் எடுத்துப் போகவில்லை. அதுதான் தவறு. எங்கள் தூத்துக்குடியில் கல்லறைத் திருநாள் என்றால் நவம்பர் 2. போலந்தில் முதல் நாளே, அனைத்துப் புனிதர் திருநாளிலேயே, ஊரே கல்லறைக்குப் போய்விடுகிறது. அன்று கடைகளைத் திறக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை, முதலாளியே கல்லாவில் நிற்கும் சின்னக் கடைகள் போலச் சில விதிவிலக்குகள் உண்டு. காலை பத்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் எல்லாக் கடையும் பூட்டு. சதுக்கத்து ஓட்டல்கள் திறந்திருந்தன, ஆனால் ஒரு சூப் விலையில் நான் இரண்டு வேளை சாப்பிடலாம்.

பசியைத் தீர்த்தது ஒப்வஜானெக் என்ற ரொட்டி வளையம். தெருமுனையில் கண்ணாடிப் பெட்டி வைத்த வண்டியில் வளையம் வளையமாக அடுக்கி விற்பார்கள். மாவைத் திரிதிரியாக உருட்டி, கயிறு போல முறுக்கி, வட்டமாக மூட்டி, முதலில் வெந்நீரில் போட்டெடுத்து அப்புறம் அடுப்பில் சுடுவது. கசகசா, எள், உப்பு என்று மேலே தூவியிருக்கும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. நான் வாங்கிய எள் வளையம் 4 ஸ்வோட்டி. கையில் எடுத்ததும் இளஞ்சூடு தெரிந்தது. பிய்த்தால் வெளியே மொறுமொறு, உள்ளே நார் நாராக மெத்து. மூன்று நாளில் ஏழு சாப்பிட்டேன்.

அதைத் தின்றுகொண்டே ரினெக் சதுக்கத்துக்கு வந்தேன். 1257-இல் நகரத்தை ஒழுங்குபடுத்தி அளந்தபோது போட்ட சதுக்கம், பக்கத்துக்கு 200 மீட்டர். நடுவில் பழைய ஜவுளி மண்டபம், மூலையில் மரியன்னை ஆலயம். ஆலயத்தின் இரண்டு கோபுரமும் ஒரே உயரம் இல்லை. உயரமானது 82 மீட்டர், அதன் உச்சியில் இருந்து ஒவ்வொரு மணிக்கும் எக்காளம் ஊதுவார்கள். பகல் இரவு எல்லா மணிக்கும் உண்டு. ஊதுபவர் தீயணைப்பு வீரர். நாலு திசைக்கும் ஒவ்வொரு முறை ஊதுவார், ஒவ்வொரு முறையும் ராகம் சட்டென்று பாதியில் அறுந்துவிடும். 1241-இல் மங்கோலியப் படை வந்தபோது எச்சரிக்கை ஊதிய காவலாளியின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறார்கள் என்பது ஊர்க்கதை. நான் கேட்டது பகல் பன்னிரண்டு மணி ஊதல். போலந்து வானொலி தினமும் நாடு முழுக்க ஒலிபரப்பும் ஊதல் அதுதான். முடிந்ததும் எக்காளம் உள்ளே போனது, ஒரு கை வெளியே வந்து அசைந்தது. கீழே நின்ற குழந்தைகளோடு சேர்ந்து நானும் கையசைத்தேன்.

சுற்றுலாப் பயணிகள் உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். பூசைக்கு வருகிறவர்களுக்குத் தனி வாசல், கட்டணம் கிடையாது. கத்தோலிக்கர்கள் கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாள் ஆகையால் நான் பூசைக்கே போனேன். பீடத்தில் ஃபைட் ஷ்டோஸ் 1477-இல் இருந்து 1489 வரை செதுக்கிய மரச்சிற்பங்கள். மாதா உயிர் பிரியும் நேரத்தில் அப்போஸ்தலர்கள் சுற்றி நிற்கும் காட்சி, ஒவ்வொருவரும் நம்மைவிடப் பெரிய உருவம். பிரசங்கம் பாதிக்கு மேல் புரியவில்லை. அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். துக்க வீட்டில் நிற்பவர்களின் முகம் அப்படியே இருந்தது.

நாலரைக்கு இருட்டிவிட்டது. எல்லாரும் கையில் பையோடு வடக்கே போவதைப் பார்த்து நானும் பின்னால் நடந்தேன். ஃபுளோரியன் வாசல், அதைத் தாண்டி வட்டக் கோட்டை, அப்புறம் ரயில் நிலையம், இருபத்தைந்து நிமிடத்தில் ராக்கோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டம். 1803-இல் திறந்தது. வாசலில் செவந்திப்பூத் தொட்டிகள் மலையாகக் குவிந்திருந்தன. பக்கத்தில் ஸ்னிச் விளக்குகள், அதாவது கண்ணாடிக் குவளைக்குள் மெழுகு, மேலே ஓட்டை போட்ட தகர மூடி. இன்னொரு தட்டில் பழுப்பு நிறக் கட்டிகள். 'மியோதெக் துரெட்ஸ்கி' என்றார் விற்றவர். சீனியைப் பாகாகக் காய்ச்சி, கொட்டைப் பருப்பு போட்டு, ஆறியதும் உடைத்தது. கிராக்கோவில் இதைக் கல்லறைத் திருநாளில்தான் விற்பார்களாம். வாயில் போட்டால் நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் அக்கா மாதிரி, கொஞ்சம் கடினம், கொஞ்சம் கருகல் வாசம். பல்லுக்கு வேலை வைத்தாலும் விட மனம் வரவில்லை.

உள்ளே நுழைந்தபோது நின்றுவிட்டேன். கண்ணுக்கு எட்டிய தூரம் விளக்கு. சிவப்பு, மஞ்சள், தேன் நிறம். கைவிடப்பட்ட பழைய கல்லறைகளில்கூட யாரோ ஒன்று வைத்திருந்தார்கள். மின்விளக்கே தேவைப்படவில்லை. ஈர இலைகளும் உருகிய மெழுகும் சேர்ந்த வாசம். அத்தனை கூட்டத்திலும் சத்தம் இல்லை. குழந்தைகள் மட்டும் 'நான் பற்ற வைக்கிறேன்' என்று தீப்பெட்டிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலருகே பழைய கல்லறைகளைச் சீரமைக்கத் தகர உண்டியல் குலுக்கினார்கள், 5 ஸ்வோட்டி போட்டேன். ஓவியர் மாத்தெய்கோவின் கல்லறையும் நோபல் பெற்ற கவிஞர் விஸ்வாவா ஷிம்போர்ஸ்காவின் கல்லறையும் இங்கேதான் இருக்கின்றன.

ஒரு பெரிய சிலுவையடியில் விளக்கு வெள்ளம் போல் கிடந்தது. பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு பாட்டி வந்து ஏதோ கேட்டார். 'யாருக்கு?' என்பது மட்டும் விளங்கியது. எனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்து, 'தாதா. இந்தியா. தூரம்' என்றேன். 'தாத்தா' போல நம் காதில் விழும் அந்தச் சொல்லுக்குப் போலிஷில் 'அப்பா' என்று பொருள். அப்பா இறந்து மூன்று வருடம். தூத்துக்குடியில் இருக்கும்வரை ஒவ்வொரு நவம்பர் 2-க்கும் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்தி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை காத்திருப்போம். அந்த வருடம்தான் நான் முதல்முறையாக இல்லை.

பாட்டி பேசாமல் பையைத் திறந்து ஒரு ஸ்னிச்சை எடுத்தார். தேன் நிறக் கண்ணாடி, மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. சிலுவையைக் காட்டினார். தூர தேசத்தில் அடக்கமானவர்களுக்கு அங்கேதான் விளக்கு வைப்பார்களாம். என் கையில் தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை அவர் தன் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். காசு நீட்டினேன், என் விரல்களை மடக்கி மூடிவிட்டார். அப்புறம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, மெதுவாகத் தன் வழியே போனார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை வாவெல் குன்று. அரண்மனை அறைகளுக்கு டிக்கெட். முற்றங்களில் சுற்ற இலவசம், மூன்றடுக்குத் தாழ்வாரம் ஓடும் உள்முற்றம் உட்பட. அந்த முற்றத்தின் ஒரு மூலையில் சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு பெண் கண்மூடி நின்றிருந்தார். சிவபெருமான் ஏழு மந்திரக் கற்களை உலகெங்கும் எறிந்தார், ஒன்று டில்லியில், ஒன்று மெக்காவில், ஒன்று ரோமில் விழுந்தது, ஒன்று இங்கே என்று இங்கு வருகிற சிலரிடம் ஒரு நம்பிக்கை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டு, 'உங்களுடையதுதானே' என்றார் ஆங்கிலத்தில். அந்தக் கல் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் சிவன் கோவிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

பேசி முடித்து விஸ்துலா ஆற்றைப் பார்க்க இறங்கும்போது அம்மா வீடியோவில் வந்தார். அங்கே மாலை ஐந்து. அப்பா கல்லறையில் மல்லிகையும் மெழுகுதிரியும். 'நீ இல்லாத குறைதாம்மா' என்றார். நேற்று எடுத்த படத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஞாயிறு காலை கிராக்குஸ் மேடு. 16 மீட்டர் மண்குன்று. நகரத்தை உண்டாக்கியதாகக் கதையில் வரும் க்ராக் ராஜாவுக்காக மக்கள் சட்டைக் கைக்குள் மண் சுமந்து வந்து எழுப்பியது என்பார்கள். காசில்லாமல் நகரம் முழுவதையும் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மொத்தச் செலவு 346 ஸ்வோட்டி. ஒரு அருங்காட்சியகத்துக்குக்கூட உள்ளே போகவில்லை. உங்களுக்கு அங்கே என்ன நடந்தது, சொல்லுங்கள்.

*

வார்சாவில் படிக்கிறேன் அக்கா. சாப்பாட்டுக்குப் 'பால் பார்' போயிருக்கலாமே. பெயர்தான் பால், அரசு மானியத்தில் ஓடும் மெஸ் அது. கல்லாவில் சொல்லிப் பணம் கட்டினால் சீட்டு தருவார்கள், அதைச் சமையல்கட்டு சன்னலில் நீட்ட வேண்டும், தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த 'ரஸ்கி' பியெரோகி, நம்ம கொழுக்கட்டை மாதிரி, எனக்கு 14 ஸ்வோட்டி ஆனது. சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: உள்ளே கறி இல்லாவிட்டாலும் மேலே பன்றிக் கொழுப்பு வறுவல் தூவிவிடுவார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்றால் போடமாட்டார்கள். முதல் தடவை இது தெரியாமல் தட்டைப் பார்த்து முழித்தேன். உள்ளே இருந்த அம்மா தட்டைத் திரும்ப வாங்கி, எட்டுக்குப் பதில் பத்து வைத்து, வெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

*

பெர்லினில் இருந்து எழுதுகிறேன். கிராக்கோவில் டிராமில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் பெட்டிக்குள் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை போட வேண்டும். எனக்குத் தெரியாது. டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்டினேன், அந்த வாரச் சாப்பாட்டுப் பணம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் எனக்காகப் பரிசோதகரிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தான். முடியவில்லை. இறங்கும்போது அவன் பையில் இருந்து இரண்டு ஆப்பிளை எடுத்துக் கொடுத்தான். பழைய நகரம் முழுக்க நடந்தே பார்த்துவிடலாம். பழைய மதில் இருந்த இடத்தில் பிளான்ட்டி என்று பூங்கா வளையமாகச் சுற்றி ஓடுகிறது. அதற்குள்தான் எல்லாமே.

*

நான் மகளோடு போனேன், அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆற்றைத் தாண்டி போட்குர்ஜே பக்கம் கெட்டோ மாவீரர் சதுக்கம் இருக்கிறது. யூதர்களை நாஜிகள் 1941 மார்ச்சில் 'கெட்டோ' என்ற இந்தப் பகுதிக்குள் அடைத்தார்கள், 1943 மார்ச்சில் காலி செய்தார்கள். இந்தச் சதுக்கத்தில் கூட்டித்தான் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் இங்கேயே கிடந்தனவாம். அதன் நினைவாக எழுபது உலோக நாற்காலிகள் காலியாக நிற்கின்றன. ஓரத்தில் இருக்கும் சின்ன நாற்காலிகளில் டிராமுக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். மகள் உட்காரப் போய், விவரம் கேட்டதும் எழுந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த முதியவர், 'உட்காரம்மா, உட்காரத்தான் வைத்திருக்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னார். கெட்டோவுக்குள் கடை நடத்த அனுமதி பெற்ற ஒரே யூதரல்லாத போலந்துக்காரர் பங்கியெவிச், அவர் மருந்துக்கடை சதுக்கத்து மூலையில் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்துதான் மருந்தும் உணவும் கடிதமும் கைமாறின. குறைந்த செலவுப் பயணம் என்றாலும் இந்த ஒரு டிக்கெட்டை வாங்குங்கள் அம்மா. அடுத்த முறை விட்டுவிடாதீர்கள்.

*

ஐயா, கட்டாயம் போகிறேன். தம்பி, சனிக்கிழமை மதியம் பால் பாரில்தான் சாப்பிட்டேன், எழுத விட்டுப்போனது. கொழுப்பு வறுவல் விஷயம் எனக்கும் புதிது.

திரும்ப அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேனா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். போனேன். ஞாயிறு பஸ் மூன்றரைக்கு, பஸ் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரம்தான். கூட்டம் இல்லை. முந்தின இரவு மழை பெய்து பாதி விளக்கு அணைந்திருந்தது. சிலுவையடியில் குனிந்து தேடினேன். மூடி நசுங்கிய தேன் நிறக் குவளை பின்வரிசைக்குத் தள்ளப்பட்டிருந்தது. அடியில் ஒரு விரல் அளவு மெழுகு மிச்சம். திரி எரிந்துகொண்டிருந்தது.