மறு: மறு: நோட்டீசுக்கு ஒரு சொல் வேண்டும், அவசரம்

வணக்கம். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நோட்டீஸ் நாளை மாலை அச்சுக்குப் போகணும். 'ஃபுட் அடிட்டிவ்' என்பதற்கு 'உணவுச் சேர்க்கை' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு அம்மா, "சேர்க்கை ஆரம்பிச்சிட்டாங்களா டீச்சர்? சின்னவனுக்கு ஒரு ஃபாரம் குடுங்க" என்கிறார்! பொட்டிக்கடை அஞ்சு ரூபாய் பாக்கெட்டின் ஆரஞ்சுச் சாயம் பிள்ளைகளின் விரலிலிருந்து கணக்கு நோட்டு வரை ஒட்டுகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். 'ஹைபர் ஆக்டிவிட்டி'க்கும் ஒரு சொல் தாருங்கள்.
– தண்டையார்பேட்டை

சேர்பொருள். வினைத்தொகை, சேர்த்த, சேர்க்கின்ற, சேர்க்கும் மூன்றும் அடங்கும். வல்லினம் மிகாது, கவனம். மக்கள் சேர்ந்து வாழ்வது சேரி, நெல்லைச் சேர்த்து வைப்பது சேர். காலில் ஒட்டும் சேறும் இதே வேர் என்பது என் துணிபு. மற்றதற்கு 'மிகையியக்கம்'.
– பெரம்பூர்

ஐயா, சேறு இருக்கட்டும். 'கலப்பு' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம், கலப்படம் என்றே படிப்பார்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின்-பி சாயத்தால். அது உணவில் சேர்க்கவே கூடாதது. டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம் அளவோடு அனுமதிக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. 'பிள்ளைகளைக் கெடுக்கும்' என்றும் எழுதாதீர்கள். 2007 சவுத்தாம்ப்டன் ஆய்வில் 3 வயதுக் குழந்தைகளுக்கும் 8, 9 வயதினருக்கும் சாயக் கலவையோடு, கெடாமலிருக்கப் போடும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்தார்கள். சராசரியில் ஹைபர் ஆக்டிவிட்டி கொஞ்சம் கூடியது. எல்லாப் பிள்ளைக்கும் இல்லை, எந்தப் பொருளால் என்றும் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் ஐரோப்பாவில் 2010 ஜூலை முதல் அந்த ஆய்வில் வந்த ஆறு சாயங்களுக்கு பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம்.
– ராயபுரம்

மிகையியக்கமா? எங்க ஏரியாவுல ஏதோ கட்சின்னு நினைச்சிப்பாங்க. 'துறுதுறுப்பு'ம் வேணாம், துறுதுறுன்னு இருந்தா சுத்திப் போடுவோம், டாக்டர்கிட்டயா போவோம்? 'இருப்புக்கொள்ளாமை'ன்னு போடுங்க. எங்க ஆயாவுக்கும் புரியும்.
– காசிமேடு

இருப்புக்கொள்ளாமை கவலையால் வருவது. மகள் பிரசவத்துக்குப் போயிருக்கும்போது தாய்க்கு வருவது. சாயத்தால் வருமா?
– பெரம்பூர்

நேரமில்லை. சேர்பொருள், இருப்புக்கொள்ளாமை இரண்டையும் போட்டு, கீழே 'சாயம், கெடாமலிருக்கப் போடும் மருந்து' என்று விளக்கமும் கொடுத்துவிட்டேன். 400 படி வந்துவிட்டது. அச்சகத்தில் 'சேர்ப்பொருள்' என்று அடித்துவிட்டார்கள். ஐயா மன்னிக்கணும்.
– தண்டையார்பேட்டை

அந்த 'ப்' என்ற ஒற்றெழுத்தைப் பேனாவால் அடித்துவிடலாம், 400தானே. மாலை வருகிறேன். இருப்புக்கொள்ளாமைக்கு மட்டும் நான் உடன்படவில்லை.
– பெரம்பூர்