பாளை வீட்டுக் குழு: அருளுக்கு ஒன்பதாம் வகுப்பு

வியாழன், அக்டோபர் 9

ரீட்டா (காலை 6:14)
மாமா, மதினி, இங்கே அமெரிக்காவில் இரவு ஒன்பது மணி ஆகப்போகிறது. அருளின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் நான்காக மடித்த மஞ்சள் சீட்டு ஒன்று இருந்தது. பள்ளியில் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தேதி போட்டிருக்கிறது. அன்றைக்கு நூலகத்தில் இருந்தேன் என்று என்னிடம் சொன்னான். மனது தாங்கவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

செல்வி அத்தை (6:17)
ரீட்டா, அவனும் இந்தக் குழுவில் இருக்கிறான் அம்மா.

ரீட்டா (6:18)
தெரியும் மதினி. அவன் படிக்கட்டும். இந்த வீட்டில் யாரும் அவனுக்கு எதிரி இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

தாத்தா (6:31)
இப்போதுதான் பூசை முடிந்து வந்தேன். என்ன தண்டனை? அடித்தார்களா?

ஜோசப் (6:33)
இல்லை அப்பா, அதெல்லாம் இங்கே கிடையாது. பள்ளி விட்ட பிறகு சிறிது நேரம் இருக்க வைப்பார்கள். வகுப்பறையைக் கூட்டச் சொல்வார்கள், அல்லது சும்மா உட்காரச் சொல்வார்கள். சேசு சபைப் பள்ளிகளில் அதற்கு ‘ஜக்’ என்று பெயர். இலத்தீனில் நுகத்தடிக்கு ‘யூகும்’ என்பார்கள், அதிலிருந்து வந்தது என்கிறார்கள். பையன்கள் ‘கடவுளின் கீழ் நீதி’ என்று ஆங்கிலத்தில் ஒரு விரிவு வைத்திருக்கிறார்கள்.

தாத்தா (6:35)
எதற்காகக் கொடுத்தார்கள்?

ரீட்டா (6:36)
முதல் பாடவேளைக்கு 15 நிமிடம் தாமதம் என்று எழுதியிருக்கிறது. ரயில் அன்றைக்குச் சரியான நேரத்துக்குத்தான் வந்தது, நான் பார்த்துவிட்டேன். இவன் எங்கே போயிருந்தான்? பக்கத்துத் தெருவில் அரசுப் பள்ளி இருக்கிறது, கட்டணம் கிடையாது, எட்டாம் வகுப்புத் தோழர்கள் அத்தனை பேரும் அங்கேதான் சேர்ந்தார்கள். கோட்டும் டையும் கட்டி, காலை ஆறே காலுக்கு வீட்டை விட்டு இவனை மட்டும் அனுப்புகிறோம். தவறு செய்துவிட்டோமோ என்று இருக்கிறது. கிறிஸ்துமஸோடு மாற்றிவிடலாமா?

ஜோசப் (6:39)
சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகிறது ரீட்டா. இந்த ஊரில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பள்ளி. முதல் வருடப் பையனை ‘ஃபிரெஷ்மேன்’ என்பார்கள். எல்லா ஃபிரெஷ்மேனும் இப்போது திணறிக்கொண்டுதான் இருப்பான்.

தாத்தா (6:42)
அருள் ஐயா, விழித்திருக்கிறாயா? யாரும் திட்டமாட்டார்கள். நடந்ததை நீயே எழுது. நிதானமாக எழுது.

அருள் (6:55)
தாத்தா, நான் பள்ளிக்குள்தான் இருந்தேன். மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். முதல் பாடவேளை இலத்தீன். அதற்கு முந்தைய வாரம் வைத்த தேர்வில் 20 கேள்விக்கு 8 சரி. அன்றைக்கு விடைத்தாள் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் 17, 18 வாங்குகிறார்கள். உள்ளே போக முடியவில்லை.

அருள் (6:56)
அம்மாவிடம் பொய் சொன்னது தவறு. மன்னித்துவிடுங்கள் அம்மா.

ரீட்டா (6:56)
சரி ராஜா.

செல்வி அத்தை (6:58)
அந்த விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பு.

அருள் (7:01)
[படம்]

தாத்தா (7:03)
தாளின் தலைப்பில் நான்கு எழுத்து எழுதியிருக்கிறாயே, அது என்ன?

அருள் (7:04)
ஏ.எம்.டி.ஜி. தாத்தா. எந்தத் தாளிலும் முதலில் அதைத்தான் எழுத வேண்டும். ‘இறைவனின் அதிமிக மகிமைக்காக’ என்று பொருள். அதற்குக் கீழே 8 என்று இருப்பதைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

தாத்தா (7:12)
ஐயா, ஒன்று சொல்கிறேன், கேள். உன் பள்ளியை நடத்துகிற சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் போர்வீரர். 1521-இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர். படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது இலத்தீன் தெரியாது. 1524-இல் பார்சலோனாவில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து இலக்கணம் படித்தார். அப்போது அவருக்கு வயது 33. விந்தி நடக்கிற ஓர் ஆள், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மனப்பாடம் நிற்காமல் தவித்திருக்கிறார். அவர் வகுப்புக்குள் போனார். நீயும் போ.

செல்வி அத்தை (7:20)
அருள், தாளைப் பார்த்தேன். நீ தவறவிட்ட 12-இல் 9 வேற்றுமை. முப்பது வருடம் தமிழ் இலக்கணம் நடத்தியவள் சொல்கிறேன், இது உனக்கு ஏற்கெனவே தெரியும். உன் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பையனுக்குத்தான் இது புதிது. ‘புவெல்லா’ என்றால் சிறுமி. ‘புவெல்லம்’ என்றால்?

அருள் (7:22)
அதுவும் சிறுமிதான். செயப்படுபொருளாக வந்தால் அப்படி மாறும் என்றார்கள். ஏன் மாறுகிறது என்று புரியவில்லை.

செல்வி அத்தை (7:24)
‘சிறுமியை’. நம் இரண்டாம் வேற்றுமை. நீ ‘அம்மாவைக் கூப்பிடு’ என்று சொல்லும்போது ஏன் ‘ஐ’ வருகிறது என்று யோசித்தா சொல்கிறாய்? ‘நௌத்தா புவெல்லம் விதெத்.’ மாலுமி சிறுமியைப் பார்க்கிறான். வினைச்சொல் எங்கே நிற்கிறது பார்.

அருள் (7:25)
கடைசியில். தமிழ் மாதிரியே.

செல்வி அத்தை (7:28)
இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போடு. ‘புவெல்லம் நௌத்தா விதெத்.’ சிறுமியை மாலுமி பார்க்கிறான். பொருள் மாறவில்லை. ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால் பார்க்கிறவளே மாறிப்போவாள். ‘புவெல்லே’ என்று வந்தால் ‘சிறுமியுடைய’ என்றும் இருக்கலாம், ‘சிறுமிக்கு’ என்றும் இருக்கலாம், பல சிறுமிகளாகவும் இருக்கலாம். அங்கேதான் நீ நான்கு இடத்தில் தடுமாறியிருக்கிறாய். வாக்கியம் முழுவதையும் தமிழில் சொல்லிப் பார், எது பொருந்துகிறது என்று காது சொல்லிவிடும்.

ஜோசப் (7:30)
அக்கா, இது எனக்கே இதுவரை தோன்றவில்லை.

ரீட்டா (7:33)
அருள், மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்? அதையும் சொல்லிவிடு.

அருள் (7:37)
முதல் மூன்று வாரம் தனியாகத்தான் அம்மா. ஃபிரெஷ்மேன் ஒவ்வொருவனுக்கும் பெரிய வகுப்பு அண்ணன் ஒருவனைப் பொறுப்பாக விட்டிருக்கிறார்கள். என்னுடையவன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கிற தூய ஆவி திருப்பலி அன்றைக்கு என் டை முடிச்சு முழங்கை அகலத்துக்கு இருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் அவிழ்த்து, சின்னதாகக் கட்டிவிட்டு, மதியம் தன் மேசைக்கு வரச் சொன்னான். நான் போகவில்லை. போன வாரம் அவனே வந்து என் எதிரில் உட்கார்ந்தான். இப்போது நான்கு பேர் சேர்ந்து சாப்பிடுகிறோம். அதில் ஒருவன் சீக்கியன். பள்ளியில் செபத்துக்கும் தியானத்துக்கும் ஒதுக்குகிற ஞானஒடுக்கத்துக்கும் நாங்கள் ஒரே குழு.

ரீட்டா (7:38)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் வயிறு இவ்வளவு கலங்கியிருக்காது.

தாத்தா (7:49)
மணப்பாட்டிலிருந்து என்னைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் பள்ளி விடுதியில் கொண்டுவந்து விட்டது 1961. ஒன்பதாம் வகுப்பு. கடல் சத்தம் இல்லாமல் ஒரு மாதம் தூக்கமே வரவில்லை. தகரப் பெட்டியைத் திறந்தால் வீட்டு வாசனை வரும் என்று ராத்திரி திறந்து திறந்து மூடுவேன். விடிகாலையில் பூசைக்கு உதவப் போவேன். அப்போது பூசை எல்லாம் இலத்தீன். பீடத்தின் அடியில் சாமியார் சொன்னதும் பையன்கள் பதில் சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாமலே ஒப்பித்துவிட்டேன். இன்றைக்கும் வருகிறது: ‘அத் தேஉம் குயீ லெத்தீபிகாத் யுவென்தூத்தெம் மேயாம்.’

அருள் (7:51)
தாத்தா, ‘தேஉம்’ என்றால் கடவுள்தானே?

தாத்தா (7:52)
ஆமாம். மீதி எனக்குச் சரியாகத் தெரியாது ஐயா.

ஜோசப் (7:53)
அருள், பத்தரை ஆகிவிட்டது. தூங்கு.

வெள்ளி, அக்டோபர் 10

அருள் (அதிகாலை 4:48)
தாத்தா, பள்ளி முடிந்து ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் நேரத்துக்கு முன்பே இலத்தீன் வகுப்புக்குப் போய், நீங்கள் எழுதியதை ஆசிரியரிடம் காட்டினேன். ‘யுவென்தூஸ்’ என்றால் இளமை. ‘யுவென்தூத்தெம்’ என்று வந்தால் ‘இளமையை’. கடைசியில் இருக்கிற ‘எம்’தான் நம் ‘ஐ’. அதை நானாகவே கண்டுபிடித்தேன். ‘மேயாம்’, ‘என்’. முழுவதும் சேர்த்தால்: ‘என் இளமையை மகிழ்விக்கிற கடவுளிடம்.’

தாத்தா (6:40)
இதையா நான் தினமும் விடிகாலையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாத்தா (6:52)
உன் ஆச்சி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த வரி எழுதி அனுப்புகிறேன் ஐயா. அதற்கும் சொல்.