புதுச்சேரி லாஸ்பேட்டை பக்கம் தெர்மாகோல், ஜெல் பை எடுப்பவர்கள் இருக்கிறார்களா?

வணக்கம். மனைவிக்குக் காலில் எலும்பு முறிவு, நான் கடையைப் பார்க்க வேண்டும். அதனால் வாரம் மூன்று நாள் நறுக்கிய காய், அளந்து கட்டிய மசாலாவோடு சமையல் கிட் வரவழைக்கிறோம். சாப்பாடு பரவாயில்லை, குப்பைதான் தாங்கவில்லை. நேற்று வந்ததைப் பிரித்தேன்: அட்டைப் பெட்டி, உள்ளே தெர்மாகோல், வெள்ளித்தாள் மாதிரி ஒரு உறை, சாமான் குளிர்ச்சியாக இருக்க உறையவைத்த இரண்டு ஜெல் பை, கறிவேப்பிலைக்கென்று தனியாக ஒரு கவர். அதில் ஆறே ஆறு இலை!

அட்டையைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்கிறார். முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களையும் கழுவிக் கொடுத்தால் வாங்குவார். தெர்மாகோலைக் கண்டால் மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். எடையே இல்லாத சாமானுக்கு அவர் என்ன காசு தருவார், சரிதான்.

ஜெல் பையில்தான் மாட்டிக்கொண்டேன். தண்ணீர்தானே என்று ஒன்றை வெட்டி சிங்க்கில் ஊற்றினேன். அப்புறம்தான் உறையில் படித்தேன், சோடியம் பாலிஅக்ரிலேட்டாம். குழந்தைகளின் டயப்பரில் இருப்பது. தண்ணீர் பட்டதும் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஊதிக் குழாயை அடைத்துவிட்டது. பிளம்பருக்கு 400 ரூபாய். இப்போது ஃப்ரீசரில் 23 பை, மாவு வைக்கக்கூட இடமில்லை.

பைகள் கிழியாமல் நன்றாகத்தான் இருக்கின்றன. மீன் வியாபாரம், மருந்துக் கடை என்று யாருக்காவது பயன்படுமா? இலவசமாகவே தருகிறேன், வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுப்பேன். தெர்மாகோலையும் வெள்ளி உறையையும் எங்கே கொடுக்கலாம்? எரித்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைப் பக்கத்து வீட்டுத் தாத்தா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.