பட்டம் முடித்த கையோடு எழுத்தறிவுப் பணியில் சேரலாமா?

வைகைக்கரை: வணக்கம். இளங்கலைத் தமிழ் முடித்திருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் 'ப, ட், ட, ம்' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு, சேர்த்து வாசிக்கத் தெரியாமல் என் முகத்தையே பார்த்தான். அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை. ஆசிரியர் பயிற்சி பெறாத என்னைத் தொண்டு நிறுவனங்கள் ஏற்குமா?

மாலைவகுப்பு: தாராளமாக ஏற்கும். 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, குடிசைப் பகுதிகளில் உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டே பாலர் வகுப்புகளை நடத்தியது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய அந்த அமைப்பு 2005இல் தொடங்கிய அசர் கணக்கெடுப்பில், தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகளில் எதுவரை வாசிக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். நான் சென்றிருந்தபோது, திண்ணையில் ஒரு சிறுமி கதைத்தாளைக் கண்டதும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டாள். எழுத்துத் தாளைக் கொடுத்த பிறகே வாய் திறந்தாள். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை நிற்கும் படியைப் பார்த்துத் தொடங்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

ஏட்டுச்சுவடி: ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலைதோறும் வகுப்பெடுத்தேன். இரண்டு நாள் வராமல் போனால் பிள்ளைகள் பாயைச் சுருட்டிவிடுவார்கள். வாரத்தில் எத்தனை நாள் தவறாமல் வர முடியும் என்பதை முதலிலேயே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். படிக்கக் கொடுக்க, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வைகைக்கரை: மிக்க நன்றி. நாளை மாலை அந்தச் சிறுவனிடமிருந்தே தொடங்குகிறேன்.