கோயில் சிற்பங்கள் எடுக்கச் சிறிய மிரர்லெஸ் கேமரா: எதை வாங்கலாம்?

கல்லும்கதையும்:
என்னிடம் இருப்பது நிக்கான் டி7000. கூடவே 18-105 லென்ஸும், பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸும். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்து 1,200 கிராம். காலையில் கழுத்தில் மாட்டினால் மதியத்துக்குள் தோள் கெஞ்சுகிறது. வயதும் அறுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே, உள்ளே கண்ணாடி இல்லாத சிறிய மிரர்லெஸ் கேமராவுக்கு மாற நினைக்கிறேன்.

நான் எடுப்பது சிற்பங்கள்தான். கிருஷ்ணாபுரத்து மண்டபத் தூண்கள், தாராசுரத்தில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரும் நாயன்மார் கதைகள், இப்படி. முக்காலியை உள்ளே விடுவதில்லை. ஃபிளாஷ் போட்டால் கல்லின் மேடுபள்ளமெல்லாம் செத்துவிடும். அதைத் தொடுவதே இல்லை.

கடைக்காரர் சோனி ஏ6400 என்கிறார். மகன் ஃபூஜி எக்ஸ்-எஸ்10 என்கிறான். நண்பர் ஒருவர் தன்னுடைய ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 3 கேமராவை, 45 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடு விற்கிறார். அதில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியது என்பதால் தயங்குகிறேன். அல்லது நிக்கான் இசட்50 வாங்கிப் பழைய லென்ஸ்களையே வைத்துக்கொள்ளலாமா? வீடியோ எடுக்க மாட்டேன்.

தென்காற்று:
ஐயா, கடைக்காரரைச் சற்று ஒதுக்கி வையுங்கள். ஏ6400 நல்ல கேமராதான். ஓடும் குழந்தையின் கண்ணைப் பிடித்தால் விடாது. உங்கள் யாளி எங்கே ஓடப்போகிறது?

அசையாத பொருள், மங்கிய வெளிச்சம், வெறுங்கை. இந்த மூன்றுக்கும் முதல் தேவை, சென்சாரையே நகர்த்திக் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி. அது எக்ஸ்-எஸ்10-இல் இருக்கிறது, ஒலிம்பஸிலும் இருக்கிறது. ஏ6400, இசட்50 இரண்டிலும் இல்லை. அவற்றோடு வரும் 16-50 லென்ஸ்களில் நடுக்கத் தடுப்பு உண்டு, உண்மைதான். ஆனால் அவை வெளிச்சம் குறைந்த லென்ஸ்கள். எஃப் 1.8, எஃப் 1.4 என்று வரும் (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) சிறிய லென்ஸ்களில் பெரும்பாலும் அந்த வசதி இராது. கேமராவிலேயே இருந்தால் எந்த லென்ஸை மாட்டினாலும் பலன் உண்டு.

கணக்காகவே பாருங்கள். 1/60 விநாடிக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளி தட்டும்) 6400 கேட்கிற இருட்டில், 1/8 விநாடி வரை கையிலேயே நிறுத்த முடிந்தால் ஐ.எஸ்.ஓ. 800 போதும். மூன்று ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி எடுத்தால் அந்த 1/8 கைகூடும். இப்போது நீங்கள் அஞ்சும் சென்சாருக்கு வருவோம். ஒலிம்பஸில் 17.3 x 13 மி.மீ., மற்றவற்றில் ஏறத்தாழ 23.5 x 15.6 மி.மீ. பரப்பில் 1.6 மடங்கு வித்தியாசம். அதனால் இழப்பது ஒரு ஸ்டாப்பில் முக்கால் பங்குக்குள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சிற்பத்துக்கு மூக்கு நுனியிலிருந்து காதணி வரை தெளிவு வேண்டும். சிறிய சென்சாரில் எஃப் 2.8 தரும் அந்த ஆழம், பெரியதில் ஏறத்தாழ எஃப் 4 வைத்தால்தான் கிடைக்கும். பின்னணி மங்குவதை வாழ்நாள் சாதனையாகக் கருதுகிறவர்கள் இதைக் குறை என்பார்கள். உங்களுக்கு இது வசதி.

இசட்50-இல் உங்கள் பழைய லென்ஸ்களை மாட்ட எஃப்டிஇசட் அடாப்டர் என்ற இணைப்பு வளையம் வேண்டும். அதில் ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது, டி லென்ஸிலும் கிடையாது. ஆகவே உங்கள் 50 டி லென்ஸில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். 18-105 நன்றாக வேலை செய்யும். ஆனால் எடையைக் குறைக்கப் புறப்பட்டவர் அதையும் சுமந்து அடாப்டரையும் ஏன் சுமக்க வேண்டும்?

பொன்னிக்கரை:
தென்காற்று அண்ணன் சொன்னது கல்லுக்குச் சரி. கோயிலுக்குப் போகிறவர் கல்லை மட்டுமா பார்க்கிறார்? புறப்பாடு வந்தால் கேமரா தானாக அந்தப் பக்கம் திரும்பும். தவில்காரரின் கைவிரல் உறைந்து நிற்க 1/250 விநாடியாவது வேண்டும். நடுக்கத் தடுப்பு அங்கே தூணைத் தெளிவாக்கும், கையைத் தெளிவாக்காது. இ-எம்10 வரிசையில் கான்ட்ராஸ்ட் முறை ஃபோகஸ் (லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தே தெளிவைத் தேடுவது) மட்டுமே உண்டு. தீவட்டி வெளிச்சத்தில் நம்மை நோக்கி நடந்து வருகிறவர்களை அது தொடர்ந்து பிடிக்கத் திணறும். நான் ஏ6400-ஐ சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸோடுதான் வைத்திருக்கிறேன். திருவிழாவும் எடுப்பீர்கள் என்றால் சோனி, அல்லது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எக்ஸ்-எஸ்10.

ஆடிப்பெருக்கு:
கேமராவை மட்டும் தராசில் வைக்காதீர்கள். ஏ6400 403 கிராம், இ-எம்10 மார்க் 3 410 கிராம், எக்ஸ்-எஸ்10 465 கிராம். இந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியாது. லென்ஸில்தான் தெரியும். உங்கள் நண்பரின் 45 மி.மீ. 116 கிராம். ஏ6400-இல் கிட்டத்தட்ட அதே கோணம் தரும் சிக்மா 56 மி.மீ. எஃப் 1.4 280 கிராம். அது கூடுதல் வெளிச்சம் தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யாராவது பழைய கேனன் எம்50-ஐ மலிவாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். 2012-இல் தொடங்கிய அதன் லென்ஸ் வரிசையைக் கேனன் முடித்துவிட்டது. அந்த லென்ஸ்கள் புதிய ஆர் வரிசைக் கேமராக்களில் பொருந்தா.

கல்லும்கதையும்:
திருவிழாக் கூட்டத்தில் நான் நிற்பதே இல்லை, பொன்னிக்கரை. ஆகவே ஒலிம்பஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். அது நண்பரின் பீரோவில் பல மாதங்களாகத் தூங்குகிறது. வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

தென்காற்று:
பீரோ என்றாலே பூஞ்சைதான் பயம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். இரண்டொரு தூசிப் புள்ளிகள் படத்தைக் கெடுக்காது.

பிறகு லென்ஸை மாட்டி, அறை விளக்கை அணைத்து, சுவர்க் காலண்டரின் எழுத்துகளை 1/8 விநாடியில் வரிசையாக எடுங்கள். ஒருமுறை நடுக்கத் தடுப்பைப் போட்டு, ஒருமுறை நிறுத்தி. 45 மி.மீ. லென்ஸில் எல்லாப் படமும் தெளிவாக வராது; பாதிக்கு மேல் வந்தாலே நன்றாக இருக்கிறது என்று பொருள். கேமராவை ஆன் செய்ததும் உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கும். அது சென்சாரைத் தாங்கும் அமைப்பின் ஓசை, பழுதல்ல. அதைச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், நண்பர் அல்லவா!